அம்மாவின் பெரிய போனுக்கு வார்: எதை வாங்குவது, எதில் மாட்டுவது?

கேள்வி இதுதான். அறுபது தாண்டிய அம்மாவுக்கு மகள் ஒரு கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா வாங்கிக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்குச் சின்னக் கை, விரல் மூட்டுகளில் வலி வேறு. வீட்டில் நைட்டி, வெளியே புடவை, இரண்டிலும் பை கிடையாது. இரண்டு மாதத்தில் மூன்று தடவை போன் விழுந்து, மூன்றாவது தடவை டிஸ்ப்ளே போய்விட்டது. “கழுத்தில் மாட்டும் டேக் வாங்கலாமா? போனில் கயிறு கோக்க ஓட்டையே இல்லையே, எதில் மாட்டுவது?” என்று கேட்கிறார்.

நான் திருச்சியில் 14 வருடங்களாகப் போன் ரிப்பேர் செய்கிறேன். டிஸ்ப்ளே மாற்ற வருகிறவர்களிடம் எப்படி விழுந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது என் வழக்கம். அதில் ஒரு விஷயம் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. வார் மாட்டியும் போனை உடைத்துக்கொண்டு வருகிறவர்களில் வார் அறுந்து வருகிறவர் குறைவு. வார் முழுசாகக் கையில் இருக்கும், அதன் நுனியில் கவரும் தொங்கும், போன் மட்டும் கவரிலிருந்து கழன்று விழுந்திருக்கும். ஆகவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கவர். வாரின் நிறமும் நெசவும் கடைசியில்தான் வரும்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கழுத்து டேக் வேண்டாம். ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காகப் போடும் நீள வார் வாங்குங்கள். அதோடு, போனைக் கையில் வைத்துப் பேசும் நேரத்துக்கு ஒரு சின்ன மணிக்கட்டுக் கயிறும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே வளையத்தில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். காரணங்களை இனி விவரமாகச் சொல்கிறேன்.

2003இல் வந்த நோக்கியா 1100 வெறும் 86 கிராம். எஸ்24 அல்ட்ரா 232 கிராம், அகலம் 79 மில்லிமீட்டர். ஐபோன் 14 ப்ரோ மேக்ஸ் 240 கிராம். கவரும் டெம்பர் கிளாஸும் சேர்த்தால் உங்கள் அம்மா கையில் பிடித்திருப்பது 270 கிராமுக்குக் குறையாது. அதாவது மூன்று நோக்கியா 1100ஐ அடுக்கி ஒரே கையில் பிடித்துக்கொண்டு, அதே கையின் கட்டைவிரலால் திரையின் மேல் மூலையைத் தொட முயல்வது மாதிரி. கட்டைவிரல் எட்டாதபோது பிடியைத் தளர்த்தி போனைக் கொஞ்சம் கீழே இறக்குகிறோமே, அந்த நொடியில்தான் நழுவுகிறது. அம்மாவின் கவனக்குறைவு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

பழைய பட்டன் போன்கள் பலவற்றில் மூலையில் கயிறு கோக்கச் சின்ன ஓட்டை இருந்தது. கழுத்தில் நாடா மாட்டிப் போனைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு போனவர்களை நம் ஊரில் நிறையவே பார்த்திருக்கிறோம். ஜப்பானில் அந்த ஓட்டையில் பொம்மையும் மணியும் தொங்கவிடுவது ஒரு பெரிய கலாசாரமாகவே வளர்ந்தது. அங்கே அதற்கு வேரும் உண்டு. கிமோனோவில் பை கிடையாது. எனவே எடோ காலத்து (1603 முதல் 1868 வரை) ஆண்கள் சின்ன டப்பாக்களைக் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையில் நெட்சுகே என்கிற செதுக்கிய குமிழைப் பொருத்தி, இடுப்புப் பட்டையில் செருகித் தொங்கவிட்டார்கள். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிக்கொண்ட சுருக்குப்பையும் உடையில் பை இல்லாத குறையைத் தீர்க்க வந்ததுதான். நைட்டியில் பை இல்லாத உங்கள் அம்மாவின் சங்கடம் புதிதல்ல. போனிலிருந்து ஓட்டையை எடுத்துவிட்டதுதான் புதிது. அதனால் அந்த ஓட்டை இருந்த இடத்துக்குக் கவர் வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் ஐபோன் 17 வரிசையோடு ஆப்பிள் தோளில் குறுக்காகப் போடும் வார் ஒன்றை விற்பனைக்கு விட்டபோதுகூட, அதை மாட்டும் இடத்தைக் கவரின் கீழ்ப்பக்கத்தில்தான் வைத்தது. போனில் வைக்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. போனின் அடிப்பக்கத்தில் சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அது மைக். கயிறு கோக்கும் ஓட்டை என்று நினைத்து அதற்குள் ஊசியை விட்டு, பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்று கொண்டுவந்தவர்கள் உண்டு. போனில் எந்தத் துளையிலும் எதையும் கோக்காதீர்கள்.

கயிற்றுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று பார்ப்போம். 270 கிராம் போனைத் தாங்க என்ன பெரிய கயிறு வேண்டும், தையல் நூலே தாங்குமே என்று தோன்றும். சும்மா தொங்கும்போது தாங்கும். விழும்போது கணக்கு வேறு. வாரில் 50 செ.மீ. தொய்வு இருக்கிறது, போன் கையிலிருந்து நழுவி அந்த 50 செ.மீ.யும் விழுகிறது, வார் விறைத்து 1 செ.மீ. தூரத்துக்குள் அதை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 1 செ.மீ.யில் வாரின் மேல் விழும் சராசரி இழுப்பு, போனின் எடையைப் போல 51 மடங்கு. ஏறத்தாழ 14 கிலோ. உச்சத்தில் இன்னும் கூடும். அதே வார் கொஞ்சம் நீண்டு கொடுத்து 5 செ.மீ. தூரத்தில் நிறுத்தினால் 11 மடங்குதான், 3 கிலோ. கிணற்றில் வாளி தண்ணீரில் மோதும் முன் கயிற்றை வெடுக்கென்று பிடித்து நிறுத்தினால் உள்ளங்கை எரியும், மெல்ல விட்டுப் பிடித்தால் எரியாது. அதே விஷயம்தான்.

இதிலிருந்து இரண்டு பாடம் கிடைக்கிறது. கொஞ்சம் நீண்டு கொடுக்கும் நைலான், விறைப்பான உலோகச் சங்கிலியைவிட நல்லது. தொய்வு குறைந்த வார், தொளதொளவென்று தொங்கும் வாரைவிட நல்லது. மணிக்கட்டுக் கயிற்றுக்கு 15 செ.மீ. போதும் என்று நான் சொல்வது இதனால்தான். விழ இடமே இல்லையென்றால் இழுப்பும் இல்லை.

மெல்லிய கயிறு என்ன செய்யும் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2006இல் நின்டெண்டோ வீ என்ற விளையாட்டுப் பெட்டி வந்தது. அதன் ரிமோட்டைக் கையில் பிடித்து வீசி வீசி ஆட வேண்டும், மணிக்கட்டில் கயிறு உண்டு. வேகமாக வீசியபோது அந்தக் கயிறு அறுந்து ரிமோட் பறக்கிறது என்று புகார்கள் வந்தன. அந்த டிசம்பரிலேயே 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. என்ன மாற்றினார்கள் தெரியுமா? ரிமோட்டில் கோக்கிற அந்த மெல்லிய இழையின் தடிமனை 0.6 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். மணிக்கட்டைச் சுற்றும் பட்டையில் பிரச்சினையே இல்லை. நுனியில் இருக்கும் நூல்தான் பிரச்சினை. கவரோடு இலவசமாகத் தரும் கயிறுகளைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது அந்த நுனியைத்தான். அது தையல் நூல் மாதிரி இருந்தால் வேண்டாம். 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல், இரண்டு இழையாக இருக்க வேண்டும்.

இனி கவர். வார் மாட்டுவதற்குக் கடைகளில் இரண்டு வழி கிடைக்கிறது. ஒன்று, மூலைகளில் துளையோ வளையமோ வைத்தே வார்த்த கவர். இன்னொன்று, கவருக்கும் போனுக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய அட்டை. அந்த அட்டையிலிருந்து ஒரு நாக்கு மட்டும் சார்ஜ் போடும் துளை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் வளையம் இருக்கும். கடையில் சிலர் இதை ‘ஸ்ட்ராப் கார்டு’ என்பார்கள். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நல்ல கவர் இருந்தால் இது நம்பகமானது, ஏனென்றால் இழுப்பு அட்டை முழுவதும் பரவுகிறது. கவர் கழன்றால்தான் அட்டை கழலும்.

கவர் கழலாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் இதில் எல்லாம். போனின் நான்கு விளிம்பையும் சுற்றிப் பிடித்து, திரைக்கு மேலே சற்று உதடு மாதிரி மடங்கியிருக்கும் கவர் வேண்டும். கழற்றும்போது நகம் வலிக்க வேண்டும். இரண்டு விரலால் சுலபமாகக் கழலும் கவரில் வார் மாட்டவே கூடாது. டிபியு என்று சொல்லும் வளையும் பிளாஸ்டிக் கவர் புதிதில் இறுக்கமாக இருக்கும். ஒரு வருடத்தில் மஞ்சளாகி, மூலைகள் தளர்ந்து, பொதபொதவென்று ஆகிவிடும். மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரியும், தளர்ச்சி தெரியாது. மென்மையான சிலிக்கான் கவர் கைக்குச் சுகம், ஆனால் இழுத்தால் நீண்டு போனை விட்டுவிடும். பின்னால் கெட்டிப் பலகையும் ஓரத்தில் டிபியுவும் சேர்ந்த இரட்டைக் கவர்தான் வாருக்குச் சரி. ஃபிளிப் கவர் வேண்டாம். அதன் உள்ளே போனைப் பிடிக்கும் தொட்டி பல நேரம் கீழே திறந்திருக்கும்.

உங்கள் அம்மாவின் போனில் இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். எஸ்24 அல்ட்ராவின் அடிப்பக்கத்தில் சார்ஜ் துளை, ஸ்பீக்கர், சிம் தட்டு, இதோடு மூலையில் திரையில் எழுதும் பேனாவான எஸ் பென்னும் இருக்கிறது. பேனாவை அழுத்தி வெளியே எடுக்க இடம் விட வேண்டும் என்பதால் இந்த மாடலின் கவர்கள் பலவற்றில் அடிப்பக்கம் நீளமாக வெட்டித் திறந்து விட்டிருப்பார்கள். அப்படித் திறந்த கவரில் அட்டையை வைத்தால் நாக்கைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இருக்காது. ஒரு இழுப்பில் அட்டை, போன் எல்லாம் அடிவழியாகச் சரிந்து வெளியே வந்துவிடும். கவரைக் கையில் வாங்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சார்ஜ் துளையைச் சுற்றி நான்கு பக்கமும் சட்டம் மாதிரிப் பிளாஸ்டிக் மூடியிருக்கிறதா? பேனாவுக்குத் தனித் துளை விட்டிருக்கிறார்களா? அப்படியானால் வாங்கலாம். மூலைத் துளை உள்ள கவர் என்றால், பேனா இருக்கும் மூலையில் கயிறு வராத மாதிரிப் பாருங்கள். கயிறு உரசி உரசி பேனா வெளியே வந்து தொலைந்த கதையும் உண்டு. இந்தப் போனுக்கு என் தேர்வு, மேல் மூலை இரண்டிலும் அல்லது பக்கவாட்டில் இரண்டு இடத்திலும் வளையம் வைத்த இரட்டைக் கவர். அது கிடைக்காவிட்டால் அட்டை.

அட்டை வாங்கினால் நாக்கு உலோகமா துணியா என்று பாருங்கள். துணியோ பிளாஸ்டிக்கோ நல்லது. அட்டையே உலோகத் தகடாக இருந்தால் வயர்லெஸ் சார்ஜுக்குத் தடையாகிச் சூடாகும். கூடவே, கவருக்குள் ஏடிஎம் கார்டு, பஸ் பாஸ், அவசரத்துக்கு ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு என்று செருகி வைக்கும் பழக்கம் நம் அம்மாக்களுக்கு உண்டு. அட்டையும் அதுவும் சேர்ந்தால் கவர் மூலைகளில் கவ்வாது. பணத்துக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒட்டும் வகை வார்கள், ஒட்டும் வளையங்கள் பற்றியும் சிலர் கேட்பார்கள். அந்தப் பசையை நான் தொங்கவிட நம்புவதில்லை. சிலிக்கான் மேல் அது ஒட்டவே ஒட்டாது, சொரசொரப்பான கவரில் அரைகுறையாக ஒட்டும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பசை இளகும். விரலை நுழைத்துப் பிடிக்க வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஒட்டுவதாக இருந்தால் ஸ்பிரிட்டால் துடைத்து, அழுத்தி ஒட்டி, மூன்று நாள் இழுக்காமல் விட்டுவிடுங்கள். இந்த வகைப் பசை முழுப் பலத்துக்கு வர 72 மணி நேரம் எடுக்கும். காந்த வளையத்தில் மாட்டும் வார் இந்தப் போனுக்கு வேண்டவே வேண்டாம். காந்தம் நேராக இழுத்தால் பிடித்திருக்கும், பக்கவாட்டில் சரிந்தால் விட்டுவிடும். அதோடு எஸ் பென் வேலை செய்வதே மின்காந்த முறையில் என்பதால், காந்தம் இருக்கும் இடத்தில் பேனா எழுதாமல் போகும்.

அடுத்தது கொக்கி. வாருக்கும் கவருக்கும் நடுவில் இருக்கும் இந்தச் சின்ன உலோகத்தை யாரும் கவனிப்பதில்லை. பாராகார்டு 550 என்று ஒரு கயிறு உண்டு, பாராசூட்டுக்காக வந்தது. 4 மில்லிமீட்டர் தடிமனில் உள்ளே 7 இழைகள், 550 பவுண்டு தாங்கும், ஏறத்தாழ 250 கிலோ. அந்தக் கயிற்றில் செய்த வாரின் நுனியில் வார்ப்பு ஈயம் மாதிரி மங்கலான ஒரு கொக்கியை மாட்டி விற்கிறார்கள். வாரில் ஆளே தொங்கலாம், கொக்கியில் சாவிக்கொத்தைத் தொங்கவிடவே எனக்குப் பயம். இந்தத் துத்தநாகக் கலவைக் கொக்கி வளையாது, பட்டென்று முறியும். எவர்சில்வர் கொக்கியாகப் பார்த்து வாங்குங்கள். கொக்கியின் நாக்கைத் திறந்து விட்டால் சட்டென்று தானே மூட வேண்டும், மெதுவாக மூடினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பலவீனம். வளையம் என்றால் சாவி வளையம் மாதிரி இரட்டைச் சுற்றாக இருக்கட்டும். ஒற்றைக் கம்பியை வளைத்து முனைகளைச் சும்மா சேர்த்துவிட்ட வளையம் இழுப்பில் வாய் திறக்கும். கவரில் ஒரே இடத்தில் மாட்டினால் கொக்கியின் கழுத்து சுழலக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வார் முறுக்கிக்கொண்டே போகும். இரண்டு இடத்தில் மாட்டினால் முறுக்கல் இருக்காது.

வாரின் பொருள் பற்றிச் சுருக்கமாக. 10 முதல் 15 மில்லிமீட்டர் அகலத் தட்டை நாடா தோளை அறுக்காது, உருளாது, புடவை மேல் நழுவாமல் நிற்கும். நைலானோ பாலியெஸ்டரோ இரண்டும் சரி. வெயிலில் நிறைய அலைபவருக்குப் பாலியெஸ்டர் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பருத்தி வியர்வையை வாங்கி நாறும். தோல் வார் அழகு, ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை பிடிக்கும். மணி கோத்த வார்களுக்குள் பெரும்பாலும் ரப்பர் இழைதான், நெடுநாள் வராது. நாடா மடிந்து தைத்திருக்கும் இடத்தில் ஒரே ஒரு கோடாகத் தையல் ஓடியிருந்தால், பை தைக்கிற கடையிலோ செருப்பு தைப்பவரிடமோ கொடுத்து கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்ட மாதிரி குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து வாங்குங்கள். பள்ளிப் பை வாரில் பார்த்திருப்பீர்களே, அதே தையல்தான்.

கழுத்து டேக் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். ஐடி கார்டு டேக் 20 கிராம் அட்டைக்காக வந்தது. கால் கிலோவுக்கு மேல் எடை கழுத்தின் பின்புறத்தில் நாள் முழுதும் உட்கார்ந்தால், ஏற்கெனவே மூட்டு வலி உள்ளவருக்கு அது வேண்டாத பாரம். அதைவிடப் பெரிய விஷயம், குனிந்தால் போன் முன்னால் ஊசலாடும். அடுப்புக்கு மேல் குனியும்போது, கிரைண்டரில் மாவு அள்ளும்போது, வாளியில் துணி அலசும்போது கழுத்தில் ஒரு கயிறு தொங்கவே கூடாது. சுழலும் எந்த யந்திரத்துக்கு அருகிலும் கழுத்துக் கயிறு ஆபத்து. வேறு வழியே இல்லாமல் கழுத்தில்தான் போட வேண்டும் என்றால், பலமாக இழுத்தால் தானே பிரிந்துவிடும் கிளிப் பின்கழுத்தில் இருக்கும் டேக்காக வாங்குங்கள். போன் விழும், கழுத்து தப்பும்.

உங்கள் அம்மா இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் இன்னொரு காரணமும் சேர்கிறது. காந்தம் உள்ள போன்களையும் காந்தத் துணைப்பொருள்களையும் பேஸ்மேக்கரிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் தள்ளி வைக்கச் சொல்லி ஆப்பிள் போன்ற நிறுவனங்களே அறிவுறுத்துகின்றன. நெஞ்சுக்கு நேரே போனைத் தொங்கவிடுவது அதற்கு நேர் எதிர். இதை அவருடைய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குறுக்கு வாரில் எடை தோளில் இறங்கி, போன் இடுப்புப் பக்கத்தில் உடம்போடு ஒட்டி நிற்கும். குனியும்போது ஒரு தள்ளுத் தள்ளினால் முதுகுப் பக்கம் போய்விடும். கூட்டமான பஸ்ஸிலும் கோயிலிலும் முன்பக்கம் இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொள்ளலாம். தெருவில் வண்டியில் வந்து பிடுங்குகிறவர்கள் இருக்கும் ஊர் என்றால் போனை வாரில் வெளியே தெரியத் தொங்கவிட்டு நடக்க வேண்டாம். மணிக்கட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். பிடுங்கினால் போனோடு அம்மாவும் இழுபடக் கூடாது.

இரு சக்கர வண்டியில் ஏறும்போது வாரைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட வேண்டும், இதில் தளர்வே கூடாது. துப்பட்டாவும் முந்தானையும் பின் சக்கரத்தில் சிக்குவது நம் நாட்டில் எத்தனை உயிரை வாங்கியிருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின் சக்கரத்தின் பாதியையாவது மூடும் தடுப்பு வேண்டும் என்று சொல்வது அதனால்தான். நீள வாரும் ஒரு துப்பட்டா மாதிரிதான், அதைவிட அறுக்க முடியாதது. தூங்கும்போதும், பேரக்குழந்தை மடியில் இருக்கும்போதும்கூட வார் உடம்பில் வேண்டாம்.

மாட்டும் முறை சின்ன வேலைதான், அவசரப்படாமல் செய்ய வேண்டும். போனைக் கவரிலிருந்து எடுத்து, போனின் முதுகையும் கவரின் உள்பக்கத்தையும் மெல்லிய துணியால் துடையுங்கள். உள்ளே ஒரு மணல் துகள் மாட்டினால் அட்டை அதை அரைத்துக் கண்ணாடியில் கீறல் போடும். அட்டையின் நாக்கைக் கவரின் உள்ளிருந்து சார்ஜ் துளை வழியாக வெளியே விட்டு, அட்டையைச் சுருக்கமில்லாமல் படியவையுங்கள். போனின் அடிப்பக்கத்தை முதலில் நுழைத்து, பிறகு மேல் மூலைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்காவது தூக்கியிருந்தால் அந்தக் கவர் இந்த அட்டைக்குச் சேரவில்லை. சார்ஜரைச் செருகிப் பாருங்கள். நாக்கு இடத்தை அடைத்துக்கொண்டால் சார்ஜர் முழுசாக உள்ளே போகாது, அரைகுறையாகப் போய்த் தளர்ந்த சார்ஜ் பின்தான் அடுத்த மாத ரிப்பேர். யாருக்காவது ஒரு போன் போட்டுப் பேசி, குரல் தெளிவாகக் கேட்கிறதா என்றும் கேளுங்கள். நாக்கு மைக்கை மறைத்தால் குரல் மங்கும்.

கவரின் மூலைத் துளையில் கயிறு கோப்பதானால், கயிற்றை இரண்டாக மடித்து அந்தக் கண்ணியைத் துளைக்குள் விட்டு மறுபக்கம் இழுத்து, வாரின் மறுமுனையைக் கண்ணிக்குள் நுழைத்து இறுக்குங்கள். இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு அது, முடிச்சே தேவையில்லை. கண்ணி துளைக்குள் நுழையாவிட்டால் தையல் நூலை மடித்து முதலில் அதைத் துளைக்குள் விட்டு, கயிற்றின் கண்ணியை அந்த நூலால் மாட்டி இழுத்தால் வந்துவிடும். கத்தரிக்கோல் முனையால் துளையைப் பெரிதாக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் விழுந்த சின்னக் கீறல்தான் பிறகு கிழிசலாக ஓடும்.

மாட்டியதும் அம்மாவிடம் கொடுக்கும் முன் சோதித்துவிடுங்கள். கட்டில் மெத்தைக்கு மேல் வாரைப் பிடித்துப் போனைத் தொங்கவிட்டு, மேலும் கீழுமாகப் பத்து முறை வெடுக்கென்று ஆட்டுங்கள். பிறகு வாரை நீங்கள் போட்டுக்கொண்டு, மெத்தைக்கு மேல் நின்றபடி போனைக் கையிலிருந்து நிஜமாகவே நழுவ விடுங்கள். ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் கவரின் மூலைகளைப் பாருங்கள். ஒரு மூலையாவது விலகியிருந்தால் கவரை மாற்ற வேண்டும். மெத்தையில் தெரிந்துகொள்வது சமையலறை டைல்ஸில் தெரிந்துகொள்வதைவிட மலிவு. அதன் பிறகு மாதம் ஒரு முறை நாக்கு கவரில் உரசும் இடம், தையல், கொக்கியின் நாக்கு, இந்த மூன்றையும் நீங்கள் பாருங்கள், அம்மாவிடம் விடாதீர்கள். நாக்கின் ஓரத்தில் துணி பிசிறு தட்ட ஆரம்பித்தால் அன்றே மாற்றிவிடுங்கள். வாரைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும்.

நீளத்தைக் கடையில் முடிவு செய்ய வேண்டாம். அம்மாவை நிற்கவைத்து, ஒரு பக்க இடுப்பெலும்பிலிருந்து எதிர்த் தோள் வழியாகத் திரும்பி அதே இடுப்பு வரை டெய்லர் டேப்பால் அளந்துகொள்ளுங்கள், அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நீளமும், ஏற்றி இறக்கும் பக்கிளும் உள்ள வாராக வாங்குங்கள். போன் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். காதில் வைத்துப் பேசக் கழற்றாமலே எட்டவும் வேண்டும். புடவையோடு ஒரு அளவு வரும், நைட்டியோடு இன்னொரு அளவு வரும். ஒரு வாரம் இரண்டிலும் போட்டு நடக்கட்டும். எந்த அளவு கைக்கு வருகிறது என்று அம்மாவே சொன்ன பிறகு பக்கிளுக்குக் கீழே தொங்கும் மிச்ச நாடாவை வெட்டி, அறுந்த நுனியை மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டுங்கள். நைலான் உருகிப் பிசிறில்லாமல் அடைத்துக்கொள்ளும்.